ஓடும் ஆற்றில் ஒரு சின்ன ஜிக்

"அண்ணா, ஏரியில் போட்டால் மீன் கிடைக்கிறது. ஆற்றில் போட்டால் ஜிக்தான் போகிறது. ஏன்?" இளைஞர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. இந்த வாரம் அதைப் பேசுவோம்.

ஜிக் என்பது ஈயத்தலை வைத்த தூண்டில் முள். அதில் ரப்பர் மீன்குஞ்சையோ இறகையோ மாட்டுவார்கள். அமெரிக்காவில் கிராப்பி என்ற மீனுக்கு இரண்டு கிராம்கூட இல்லாத ஜிக்கை ஆற்றோட்டத்தில் விடுவார்கள். அதன் வாய் காகிதம்போல் மெல்லியது. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். அந்த மீன் நம் ஆறுகளில் இல்லை. ஆனால் அதே உத்திக்கு அகப்படும் செபராவ் இருக்கிறது. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும், சின்ன மீன்களைத் துரத்தித் தின்னும் வேட்டைக்காரன். முதுகுத் துடுப்புக்குக் கீழே கறுப்புப் பட்டை, சிவந்த வால். பார்த்ததும் தெரியும். தாமான் நெகாராவின் தெம்பெலிங் ஆற்றிலும், தெமெங்கோர், கென்யிர் ஏரிகளில் வந்து விழும் ஆறுகளிலும் உண்டு.

தூண்டில் வீசும் முன் ஐந்து நிமிடம் தண்ணீரைப் பாருங்கள். வேகமான ஓட்டத்தில் நாள் முழுவதும் நீந்த எந்த மீனுக்கும் தெம்பு கிடையாது. பாறைக்குப் பின்னால், விழுந்து கிடக்கும் மரத்தின் ஓரத்தில், தண்ணீர் சுழன்று தணியும் இடத்தில் ஒதுங்கி நிற்கும். பக்கத்தில் ஓடும் வேகநீர் இரையைக் கொண்டுவரும்போது பாய்ந்து கவ்வும். வேகநீரும் மெதுநீரும் உரசும் அந்தக் கோடுதான் நமக்கு வேண்டிய இடம்.

நேராகப் பாறைமேல் வீசாதீர்கள். மேலோட்டப் பக்கம் சற்றுச் சாய்வாக வீசி, தண்ணீரே ஜிக்கைக் கீழே கொண்டுவர விடுங்கள். நூல் தொய்யவும் கூடாது, விறைத்து இழுக்கவும் கூடாது. எடைதான் சூட்சுமம். அவ்வப்போது தரையைத் தட்டிவிட்டுப் போனால் சரியான எடை. தட்டவே இல்லையென்றால் லேசு, அடிக்கடி சிக்கினால் கனம். இதமான ஓட்டத்துக்கு 3 கிராமில் தொடங்குவேன். வேகம் கூடினால் 5, 7 என்று ஏற்றுவேன். ஜிக் தொலைவதற்குப் பெரும்பாலும் இந்தக் கனம்தான் காரணம்.

கண் நூலின்மேல் இருக்கட்டும். ஓடிவந்த நூல் சட்டென்று நின்றாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ மீன் கவ்விவிட்டது என்று பொருள். உடனே கோலை உயர்த்துங்கள். செபராவின் வாய் கிராப்பியைப் போல மென்மையானதல்ல, தாங்கும்.

இன்னொன்றையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். கெப்பாலா ஆயர் எனப்படும் திடீர் வெள்ளம். நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும், மலையில் மழை கொட்டியிருக்கும். தெளிந்த தண்ணீர் திடீரென்று தே தாரிக் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ, ஜிக்கை மீட்க நிற்காதீர்கள். நூலை அறுத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். பை, பாய், சோற்றுப் பானை எல்லாம் கிடக்கட்டும். சில வெள்ளிக்குக் கிடைக்கும் ஜிக்குக்காக அரை நிமிடம் தாமதிப்பது உயிருக்கே உலையாகலாம். ஆற்று நடுத்திட்டில் பாய் விரித்துச் சாப்பிடும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். வெள்ளம் வந்தால் இரு பக்கமும் வழி அடைபடும் இடம் அது. நான் கரையில் நின்றே வீசுவேன். கூட வரும் பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை கட்டாயம்.

தாமான் நெகாராவில் தூண்டில் போட அனுமதிச் சீட்டு வேண்டும், புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு ஒன்றிரண்டு போதும். மற்றதை ஈரக் கையால் பிடித்து, மெதுநீரில் சற்று நேரம் தாங்கி, அது தானாகத் துள்ளிப் போகும்வரை காத்திருந்து விடுங்கள். நம் பிள்ளைகள் தூண்டில் பிடிக்கும் காலத்திலும் அந்த ஆற்றில் செபராவ் இருக்க வேண்டும்.