நகர வாக்காளருக்குச் சபை எங்கே?

கேரளத்தில் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. நிதி வந்தால் போதுமா? அதை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிக்க மக்களுக்கு ஓர் அவை வேண்டும்.

1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம், கிராம வாக்காளர் அனைவரையும் கிராம சபை உறுப்பினர்களாக்கியது. நகரங்களுக்கான 74-ஆவது திருத்தமோ, 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு வார்டு குழுக்களோடு நின்றுவிட்டது.

1967-இல் கொச்சி மாநகராட்சியோடு இணைந்த மட்டாஞ்சேரியின் வாக்காளர் சின்னம் பார்த்து வாக்களிப்பது ஐந்தாண்டுக்கு ஒருமுறை. சாக்கடையும் குடிநீரும் அன்றாடப் பிரச்சினை. வரவு செலவுக் கணக்கைக் கையில் வைத்துக் கேள்வி கேட்கப் பழகியவரே தேர்தலிலும் தெளிவாக முடிவெடுப்பார். நகர வார்டுகளிலும் வாக்காளர் சபையை நாடாளுமன்றம் கட்டாயமாக்க வேண்டும்.