ஏ.சி. மாட்டுறதும் ஓவர்லாக் மெஷினும் ஒண்ணு இல்லீங்க!

மொதல்லயே சொல்லிடறேன் மக்களே, ஏ.சி. வேணுமா வேணாமாங்கிற பதிவு இல்லை இது. பங்குனி வெயில்ல மொட்டை மாடிக்குக் கீழ படுக்கறவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும். என் சண்டை வேற. "ஸ்ப்ளிட் ஏ.சி. தானே, வீடியோவைப் பார்த்து நானே மாட்டிக்குவேன், கூலி மிச்சம்"னு ஒரு கூட்டம் கிளம்பியிருக்கே, அதோடதான்.

அவங்க வாதம் புரியாம இல்லை. திருப்பூர்க்காரன் எதையும் கழட்டிப் பார்த்துத்தான் கத்துக்கிட்டான். ஓவர்லாக் மெஷின் மக்கர் பண்ணா மெக்கானிக் வர்றதுக்குள்ள டைலரே சரி பண்ணிடுவாரு. ஆனா தையல் தப்பினா கண்ணுக்குத் தெரியும், பிரிச்சுத் தைக்கலாம். ஏ.சி.யில தப்பு கண்ணுக்கே தெரியாதுங்க!

காப்பர் பைப்பை மாட்டினதும் உள்ள இருக்கிற காத்தையும் ஈரத்தையும் வேக்யூம் பம்பு வச்சு உறிஞ்சணும். இல்லைன்னா ஈரம் உள்ள இருக்கிற ஆயிலைக் கெடுத்து ஆசிடாக்கும். அன்னிக்கு ஜில்லுனுதான் காத்து வரும். கம்ப்ரசர் மெல்ல மெல்லச் சாகும்.

அடுத்தது கேஸு. பழைய ஆர்-22 சாதாரணமா தீப்பிடிக்காது. ஆனா ஓசோனைக் கெடுக்குதுன்னு 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துல வந்த கட்டுப்பாட்டால அது ஒதுங்கிடுச்சு. புது ஏ.சி.கள்ல நிறைய வர்ற ஆர்-32 லேசா தீப்பிடிக்கக் கூடியது. ஆர்-290 இருக்கே, அது சாட்சாத் புரொப்பேன், சமையல் சிலிண்டர்ல இருக்கிற அதே சரக்கு. இதுல போய் கை வச்சுப் பழகலாமா?

"அப்ப ஆளைக் கூப்பிட்டா முடிஞ்சுதா?"ன்னு கேப்பீங்க. முடியலை. பல பேரு பம்பே கொண்டு வர்றதில்லை. வால்வை லேசா திறந்து, உள்ள இருக்கிற கேஸை விட்டே காத்தைத் தள்ளிடறாங்க. எங்க வீட்டுக்கு வந்த ஒருத்தர் கூட, "எல்லாரும் இப்படித்தான் சார் பண்றோம்"னாரு கூலா.

கொஞ்சூண்டு கேஸ்தானேங்கிறீங்களா? ஒரு கிலோ ஆர்-32, நூறு வருசக் கணக்குல சுமார் 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். சாயத்தண்ணியையும் கொஞ்சூண்டுதானேன்னுதான் நொய்யல்ல விட்டோம். ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டை ஆச்சு. 2011 ஜனவரியில சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப ஊரே முழி பிதுங்கி நின்னுச்சு. அதுக்கப்புறமும் நமக்கு புத்தி வரலைன்னா எப்படி?

சரி, அந்த ஆளைக் குறுக்குவழிக்குத் தள்ளினது யாரு? நாமதான். அம்பதாயிரத்துக்கு ஏ.சி. வாங்கிட்டு, மாட்டுற கூலியில முந்நூறு ரூபா கொறைன்னு மல்லுக்கட்டறோம். ஐ.டி.ஐ.யில ரெண்டு வருசம் இதையே படிச்சவன், அந்த முந்நூறை எங்கிருந்து பிடிப்பான்? பம்பு ஓட்டுற நேரத்துல பிடிப்பான், இடுப்பு பெல்ட்ல பிடிப்பான். மூணாவது மாடி சன்ஷேடுல கயிறு கூட இல்லாம, முப்பது கிலோ யூனிட்டைத் தாங்கிப் பிடிச்சு நிக்கிறானே ஒரு பையன், அவன் உயிரு நம்ம பேரத்துலதான் தொங்குது.

பத்து ரூபா பனியனுக்கு பையரோட ஆளு வந்து ஏ.க்யூ.எல். 2.5ன்னு கணக்குப் போட்டு சோதிக்கிற ஊருங்க இது. வீட்டு ஏ.சி.க்கு நாலே கேள்வி கேக்க வாய் வராதா? பம்பு கொண்டு வந்தீங்களா? லீக் டெஸ்ட் பண்ணீங்களா? தனி எம்.சி.பி.யும் எர்த்தும் இருக்கா? பெல்ட் எங்க? இதுக்கெல்லாம் "இருக்கு"ன்னு சொல்றவருக்கு கேட்ட கூலியைக் குடுங்க.

கை அரிக்குதா? ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஃபில்டரைக் கழட்டிக் கழுவுங்க. டிரெயின் பைப் சரிவா இருக்கான்னு பாருங்க. 24ல வச்சு ஃபேனைப் போடுங்க. அந்த எல்லையோட நம்ம ஸ்பேனரை நிறுத்திக்கலாம்.

டிஸ்கி: "நானே மாட்டினேன், அஞ்சு வருசமா ஓடுது"ன்னு பின்னூட்டம் போடப் போறவங்களுக்கு: சந்தோசம் அண்ணாச்சி. ஹெல்மெட் போடாம அஞ்சு வருசம் பைக் ஓட்டினவங்களும் இருக்காங்க!