வாளி நமக்கு, மெஷின் யாருக்கு?

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கார் பட்டறை. பேர் வேண்டாம். என் சித்தப்பா மகன் அங்கே நாலு வருஷமாக வண்டி கழுவுகிறான். பாலிஷ் மெஷினைத் தொட விடமாட்டார்கள். போன வருஷம் வந்த முதலாளியின் மச்சான் மகன் மூணே மாசத்தில் மெஷின் பிடிக்கிறான். கேட்டால், “உனக்கெதுக்குப்பா அதெல்லாம், நீ கழுவுறதுல கெட்டிக்காரன்” என்று பதில். இதைவிட நாசூக்காகச் சாதியைச் சொல்ல முடியுமா?

கழுவினால் கூலி. கீறல் எடுத்தால் ‘டீட்டெய்லிங்’, ஆயிரக்கணக்கில் பில். நடுவில் இருப்பது கொஞ்சம் அறிவு. வேத ரகசியமில்லை தோழர்களே. கார் பெயிண்ட்டின் மொத்தக் கனம் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். மேலே உள்ள கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெலிசு. வெயிலில் சிலந்தி வலை போலத் தெரிகிறதே, அது அழுக்குத் துணியால் துடைத்து விழுந்த கீறல். கீறலை எடுப்பது என்றால் சுற்றியுள்ள பரப்பையும் அதன் ஆழத்துக்குத் தேய்த்து இறக்குவது. மீறினால் கிளியர் கோட்டே போய்விடும். அதனால் முதலில் மீட்டர் வைத்துக் கனம் பார்க்க வேண்டும். ஒரு சின்ன இடத்தில் சோதனை. மெல்லிய பாலிஷில் ஆரம்பித்து, போதாவிட்டால்தான் கரடான காம்பவுண்டு. ஓரங்களில் மெஷினை நிறுத்தவே கூடாது. வெள்ளிக் கொலுசு ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லியா தரணும்? தேய்த்தால் வெள்ளி போகும் என்றுதானே பட்டறைத் தூசியையும் கூட்டி அள்ளி வைக்கிறார்கள்!

சில கடைகளில் எண்ணெய்ப் பசையைப் பூசிக் கீறலை மறைத்து அனுப்புவார்கள். நாலு தடவை கழுவினால் கீறல் திரும்பி வரும். (சமபந்தி போஜனம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.)

1917-ல் சேலம் நகராட்சித் தலைவரான இராஜாஜி, 1953-ல் முதலமைச்சராக ஒரு திட்டம் கொண்டுவந்தார்: பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். எதிர்ப்பில் 1954-ல் அது செத்தது. பட்டறைக்குள் சாகவில்லை. இத்தனைக்கும் இந்தத் தொழிலுக்குக் குலமே கிடையாது. எந்தச் சாதிக்காரனின் பாட்டனும் கிளியர் கோட்டைப் பார்த்ததில்லை. பிறகு வாளி இவனுக்கு, மெஷின் அவனுக்கு என்று பிரித்தது யார்?

“பணக்காரன் காருக்குப் பளபளப்பு ஏத்துறதா விடுதலை?” என்று ஒரு தோழர் கேட்டார். அந்தக் காரைத்தான் தினமும் நம்ம பையன் கழுவுறானே தோழர், அப்போ ஏன் கேட்கலை?

1961-ம் வருஷத்துத் தொழிற்பழகுநர் சட்டத்தின் 3ஏ பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்குகிறது. நாலு பேர் பட்டறையை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது. 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தைக் கட்டாயப்படுத்தும். பெரிய ஷோரூம்களில் போய் அந்த இடங்களைக் கேட்போம். உதவித்தொகையோடு கேட்போம். பெயிண்ட் அடிக்க விட்டால் முகமூடியும் சேர்த்துக் கேட்போம். 2கே பெயிண்ட் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமா கொடுக்கும், மூக்கில் கட்டுகிற கைக்குட்டை அதைத் தடுக்காது.

தம்பி இப்போது பழைய இரும்புக் கடையில் ஒரு பானட் வாங்கிவந்து, இரவல் மெஷினில் வாசலில் பழகுகிறான். போன ஞாயிறு போனபோது ஒரு ஓரத்தில் கிளியர் கோட் போய் வெளுத்திருந்தது.

“ஓரத்துல நின்னுட்டேண்ணே” என்றான். அடுத்த ஓரத்துக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான்.