துக்கம் விசாரிக்கும் மென்பொருள்

அமெரிக்காவில் ஒரு நோயாளி ஹாஸ்பிஸ் பராமரிப்பில் இருக்கும் காலம் மிகக் குறைவு. அங்கே சேர்பவர்களில் சரிபாதிப் பேருக்கு அது ஏறத்தாழ 18 நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது. இனிக் குணப்படுத்த வழியில்லை என்று தெரிந்தபின் வலியைத் தணித்து, பெரும்பாலும் வீட்டிலேயே வைத்துக் கடைசி நாட்களைக் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு இது. நோயாளி இறந்த பிறகு அவருடைய குடும்பத்துக்கு அதே அமைப்பு துணைநிற்க வேண்டிய காலமோ ஓராண்டு. முதல் திதியைத் தாண்டும்வரை உடனிருக்க வேண்டும் என்று 13 மாதங்கள் வரை நீட்டிக்கும் அமைப்புகளும் நிறைய உண்டு. உறவின் பெரும்பகுதி மரணத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மூத்தோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 1983 முதல் ஹாஸ்பிஸ் செலவை ஏற்றுவருகிறது. இன்று ஆண்டுக்கு 17 லட்சம் பேருக்கு மேல் அதனால் பயன்பெறுகிறார்கள். துயர் ஆற்றுப்படுத்தலுக்கு முறையான ஒரு திட்டம் இருக்க வேண்டும், தகுதியுள்ள ஒருவர் அதை மேற்பார்வையிட வேண்டும், யாருக்கு எவ்வளவு இடைவெளியில் என்ன உதவி என்று எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது மெடிகேர் விதி. அதே விதித்தொகுப்பின் வேறொரு பிரிவு, இந்தச் சேவை கட்டாயம், ஆனால் இதற்கெனத் தனியாகப் பணம் கிடையாது என்றும் சொல்லிவிடுகிறது. ஹாஸ்பிஸுக்குப் பணம் நாள்கணக்கில் வருகிறது. நோயாளி இறந்ததும் அது நின்றுவிடுகிறது.

துயர் ஆற்றுப்படுத்தலை நிர்வகிக்கும் மென்பொருளைத் தேர்வதில் நடக்கும் கோளாறுகளில் பலவற்றுக்கு, தனிப் பணம் இல்லை என்ற இந்த ஒரு விதிதான் வேர். ஹாஸ்பிஸ் நிர்வாகம் மென்பொருள் வாங்க உட்காரும்போது மேசையைச் சுற்றி நிதி அதிகாரி, செவிலியர் தலைமை, கணினிப் பிரிவினர் ஆகியோர் இருப்பார்கள். பில் சரியாகப் போகுமா, செவிலியர் வீட்டிலிருந்தே பதிவு செய்ய முடியுமா, தணிக்கையில் மாட்டாமல் இருப்போமா என்பவை அவர்களின் கேள்விகள். ஹோம்கேர் ஹோம்பேஸ், வெல்ஸ்கை, நெட்ஸ்மார்ட், மேட்ரிக்ஸ்கேர் போன்ற பெரிய நிறுவனங்கள் வளர்ந்தது இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான். துயர் ஆற்றுப்படுத்தல் பெரும்பாலும் அந்தப் பெரிய மென்பொருளோடு இணைப்பாக வரும் ஒரு பகுதி. அந்த வேலையைத் தினமும் பார்க்கும் ஒருங்கிணைப்பாளர், வாங்கி முடித்தபின் பயிற்சி வகுப்பில்தான் அதை முதன்முறையாகப் பார்க்கிறார்.

அவருடைய வேலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 1,000 இறப்புகளைச் சந்திக்கும் ஓர் அமைப்பு. இறப்புக்குச் சராசரி இரண்டு உறவினர்கள். ஆளுக்கு ஆண்டில் ஐந்து கடிதங்கள் என்று வைத்துக்கொண்டால் 10,000 கடிதங்கள் ஆகின்றன. தொலைபேசி அழைப்புகள், நேரில் பேசுதல், வாராந்திரக் குழுக் கூட்டங்கள், ஆண்டுக்கொருமுறை நினைவஞ்சலி நிகழ்ச்சி, தன்னார்வலர்களின் பட்டியல் எல்லாம் இதற்கு மேல். எக்செல் தாளில் இதை நடத்தும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. ஒரு வரிசை தவறி ஒட்டப்பட்டால், கணவனை இழந்தவருக்கு "உங்கள் தாயாரின் மறைவுக்கு" என்று கடிதம் போய்ச் சேரும். எனவே மென்பொருள் தேவையா என்பதில் விவாதம் இல்லை. எந்த வேலையை அதனிடம் விடுவது என்பதுதான் விவாதம்.

கடிதத்தை விடலாம் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் பதில். விற்பனையாளர்களின் செயல்விளக்கமும் அங்கேதான் தொடங்கும்: இறந்த தேதியை உள்ளிட்டதும் 1, 3, 6, 9, 12-ஆம் மாதக் கடிதங்கள் தாமாகவே வரிசையில் நின்றுவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால், பிரான்ஸில் 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே நிதானிக்கச் சொல்கிறது. நோயாளி இறந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு மருத்துவரும் செவிலியரும் கைப்பட எழுதிய இரங்கல் கடிதம் ஒரு பகுதி உறவினர்களுக்கு அனுப்பப்பட்டது, மறுபகுதிக்கு இல்லை. முதல் மாதத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், கடிதம் பெற்றவர்களிடம்தான் மனச்சோர்வும் அதிர்ச்சியின் பின்விளைவுகளும் கூடுதலாக இருந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவு வேறு, ஹாஸ்பிஸ் வேறு என்பது உண்மைதான். இருந்தாலும், நல்லெண்ணத்தோடு கைப்பட எழுதிய ஒற்றைக் கடிதத்துக்கே இந்தக் கதி என்றால், இயந்திரம் ஐந்து முறை அனுப்புவதால் நன்மைதான் விளையும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

கடிதத்துக்கு முந்தைய ஒரு வேலை உண்டு: யாருக்கு உதவி தேவை என்று கண்டறிவது. இந்தத் துறை பிறந்ததே அதிலிருந்துதான். சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் லண்டனின் சிடன்ஹாம் பகுதியில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தபோது, மனநல மருத்துவர் காலின் மரே பார்க்ஸ் அங்கே இழப்புத் துயருக்கான சேவையை உருவாக்கினார். துக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரையும் அவர் ஒரே தட்டில் வைக்கவில்லை. நோயாளியின் கடைசி நாட்களில் குடும்பத்தைப் பக்கத்திலிருந்து பார்த்த செவிலியர்கள் ஒரு கேள்வித்தாளை நிரப்பினார்கள். யார் தாங்கிக்கொள்வார், யார் உடைந்துபோகக்கூடும் என்பதை அதிலிருந்து கணித்து, பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை இரண்டாம் வகையினரிடம் அனுப்பினார்கள். ஆஸ்திரேலியாவில் சமர் அவுன் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், துக்கத்தில் இருந்தவர்களில் சுமார் 58 சதவீதத்தினர் குறைந்த ஆபத்திலும், 35 சதவீதத்தினர் இடைநிலையிலும், 6 சதவீதத்துக்குச் சற்று அதிகமானோர் உயர்ந்த ஆபத்திலும் இருந்தார்கள். முதல் வகையினருக்குச் சொந்தபந்தமும் நண்பர்களுமே போதும். மூன்றாம் வகையினருக்குக் கடிதம் எந்த மூலைக்கு?

ஆக, அந்த ஆறு பேரை நூறு பேருக்குள்ளிருந்து கண்டுபிடிக்க உதவுகிறதா என்பதே மென்பொருளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பல மென்பொருட்களில் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் இருக்கும். நோயாளி சேர்ந்த அன்று ஒருமுறை நிரப்பினால் போதும், கட்டம் பச்சையாகிவிடும். ஆனால், துக்கம் சேர்க்கை நாளில் நின்றுவிடுவதில்லை. மூன்றாம் மாதம் வேலை பறிபோகலாம். ஐந்தாம் மாதம் சொத்துத் தகராறு வரலாம். அப்போது ஒரு தன்னார்வலர் தொலைபேசியில் பேசிவிட்டு "சாப்பிடுவதே இல்லை என்கிறார்" என்று எழுதிவைத்தால், அந்த வரி ஒருங்கிணைப்பாளரின் முகப்புத் திரைக்கு வருமா, குறிப்புகளின் அடியில் புதைந்துபோகுமா? செயல்விளக்கத்தின்போது இதைக் கேட்டு, பதிலைத் திரையிலேயே காட்டச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மருத்துவ மென்பொருளில் எல்லாமே நோயாளி எண்ணைச் சுற்றிக் கட்டப்பட்டவை. மனைவி, மகன், அண்டைவீட்டார் என எல்லோரும் அந்த எண்ணுக்குக் கீழே தொங்கும் பெயர்கள். கோப்பின் உரிமையாளர் இறந்துவிட்டார். சேவை பெறுபவருக்குக் கோப்பு இல்லை. இதனால் விளையும் அபத்தங்கள் ஒன்றிரண்டல்ல. ஒரே பெண் தாயையும் கணவரையும் அடுத்தடுத்து இழந்தால் அவர் இரண்டு எண்களில் இரண்டு ஆட்களாக இருப்பார். இரண்டு வரிசைக் கடிதங்களும் அவருக்கே போகும். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவருக்கும் தேவைப்பட்டால் இந்தச் சேவை உண்டு என்று மெடிகேர் விதி வெளிப்படையாகவே சொல்கிறது. உறவுமுறைப் பட்டியலில் அவருக்குப் பெயரே இருக்காது. விபத்திலோ தற்கொலையிலோ மகனை இழந்த உள்ளூர்க்காரர்களுக்கும் பல ஹாஸ்பிஸ்கள் கதவைத் திறந்துவைத்திருக்கின்றன. அந்த மகன் அங்கே நோயாளியாக இருந்ததில்லை என்பதால் தந்தையைப் பதிவுசெய்ய வழியில்லாமல், போலி நோயாளி எண் ஒன்றை உருவாக்கிச் சமாளிக்க வேண்டியிருக்கும். துக்கத்தில் இருப்பவரைத் தனி ஆளாகப் பதிவுசெய்து, அவரோடு எத்தனை இழப்புகளை வேண்டுமானாலும் இணைக்க முடிகிற மென்பொருள், மற்ற வசதிகளில் பின்தங்கியிருந்தாலும் மேலானது.

காலக்கணக்கிலும் ஒரு முரண்பாடு உண்டு. நீடித்த துயரக் கோளாறு என்ற நோயறிதல் 2022-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்றது. பெரியவர்களுக்கு இழப்பு நேர்ந்து 12 மாதமாவது ஆகியிருந்தால்தான் அந்தப் பெயரைச் சூட்டலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் இது 6 மாதம். ஓராண்டு முடிந்ததும் கோப்பைத் தானாக மூடும்படி அமைத்த மென்பொருள், சிக்கல் இருக்கிறதா என்று அமெரிக்க அளவுகோலின்படி சொல்ல முடிகிற அதே நாளில் விடைகொடுத்து அனுப்பிவிடுகிறது. மூடும் முன் மறு மதிப்பீடு கட்டாயம், மோசமாக இருந்தால் வெளி மருத்துவரிடம் அனுப்பிய பதிவு கட்டாயம் என்று பூட்டுப் போட மென்பொருளால் முடியும். அப்படிக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. தரமதிப்பீடும் இதற்கு ஒத்துழைப்பதில்லை. மெடிகேருக்காகக் குடும்பத்தாரிடம் நடத்தும் கருத்துக்கணிப்பு, இறப்பு நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு மாதத்தில் தொடங்குகிறது. துயர் ஆற்றுப்படுத்தலைப் பொறுத்தவரை, இறப்புக்குப் பிந்தைய வாரங்களில் கிடைத்த ஆதரவைப் பற்றித்தான் அதில் கேட்கிறார்கள். மதிப்பெண் கிடைக்கும் வாரங்களில் கவனம் குவிவதும், பத்தாம் மாதம் ஆளில்லாமல் கிடப்பதும் இயல்பே.

நாட்காட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. நியூ ஜெர்சியில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்குத் திவசம் வருவது திதிப்படி. ஆங்கிலத் தேதிக்கு முன்னோ பின்னோ பெரும்பாலும் தள்ளித்தான் அமையும். யூதர்களும் நினைவுநாளைத் தங்கள் நாட்காட்டிப்படியே பார்க்கிறார்கள். நினைவுநாளைக் கையால் மாற்ற விடாத மென்பொருள்கள் இருக்கின்றன. கணவரை இழந்த, தமிழ் மட்டுமே தெரிந்த தாய்க்கு எந்த மொழியில் பேச வேண்டும் என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லாதவையும் இருக்கின்றன. சின்ன விஷயங்கள்தான், வாங்கும் முன் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அந்தரங்கம் அப்படிச் சின்ன விஷயம் அல்ல. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரோடிருப்பவர்களின் தரவை மட்டுமே காக்கிறது. அமெரிக்க மருத்துவத் தகவல் விதியோ இறந்தவரின் தகவலையும் 50 ஆண்டுகள் காக்கிறது. துயர் ஆற்றுப்படுத்தும் கோப்பில் இரண்டு தரப்பின் ரகசியமும் கலந்து கிடக்கும்: இறந்தவரின் நோய், இருப்பவரின் குடிப்பழக்கம், அண்ணன் தம்பி சண்டை. மகளிடம் ஆற்றுப்படுத்துநர் கேட்டு எழுதியதை, இறந்தவரின் பதிவேட்டை நகல் கேட்கும் மகன் படிக்க நேர்ந்தால் என்ன ஆகும்? இருவரின் குறிப்புகளும் தனித்தனியே பூட்டப்பட்டிருக்கின்றனவா என்பதை விற்பனையாளரின் வாய்ச்சொல்லில் விடக்கூடாது.

தரவு வெளியே போகும் வழிகளும் தெரிந்தவைதான். இணையவழி மனநல ஆலோசனை நிறுவனமான பெட்டர்ஹெல்ப், பயனர்களின் தகவலை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றோடு விளம்பரத்துக்காகப் பகிர்ந்தது என்ற குற்றச்சாட்டின் பேரில் 2023-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தோடு 78 லட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. தவறு செய்ததாக அது ஒப்புக்கொள்ளவில்லை. தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி வழி உதவும் கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன், அடையாளம் நீக்கிய உரையாடல்களைத் தன் வணிகக் கிளை நிறுவனத்தோடு பகிர்ந்தது 2022-இல் வெளியானது. கண்டனம் எழுந்ததும் நிறுத்தியது. இரண்டுமே ஹாஸ்பிஸ் அல்ல. ஆனால் ஹாஸ்பிஸுக்குள்ளேயே ஒரு வாசல் உண்டு: நன்கொடைப் பிரிவு. இறந்தவர் நினைவாகக் குடும்பத்தார் தரும் பணம் இந்த அமைப்புகளுக்கு முக்கியமான வருமானம். பிரிட்டனில் பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ்களுக்கு அரசுப் பணம் சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. மீதியைத் தாங்களே திரட்டுகிறார்கள். இரண்டு பிரிவுகளும் ஒரே பெயர்ப்பட்டியலைப் பயன்படுத்தினால், முதல் மாதம் ஆறுதல் கடிதமும் இரண்டாம் மாதம் நன்கொடைக் கோரிக்கையும் ஒரே முகவரிக்குப் போகும். பெற்றவர் முதல் கடிதத்தையும் சந்தேகிப்பார். இந்தப் பட்டியல்களைப் பிரித்துவைக்கும் வசதி இல்லாத மென்பொருளை அந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கலாம்.

தனி மென்பொருள் வாங்கலாமா, பெரிய மென்பொருளின் பகுதியே போதுமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. தனி மென்பொருளில் துக்கத்தில் இருப்பவரை மையப்படுத்துவது எளிது. ஆனால் இறப்புத் தகவல் தானாக வந்து சேராவிட்டால் பெயர், தேதி, முகவரி அத்தனையையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். தவறுகள் நுழைவது அங்கேதான். சிறிய அமைப்பு என்றால் ஏற்கெனவே உள்ள பகுதியையே ஒழுங்காக அமைத்துக்கொள்வது நல்லது. ஆண்டுக்குப் பல நூறு இறப்புகளைச் சந்திக்கும் இடத்தில், இணைப்புக்கான செலவையும் சேர்த்துத் தனி மென்பொருளைப் பரிசீலிப்பதில் நியாயம் இருக்கிறது. ஓராண்டு முழுதும் குறுஞ்செய்தியில் ஆறுதல் அனுப்பும் ஹெல்ப் டெக்ஸ்ட்ஸ் போன்ற சேவைகளையும் சில ஹாஸ்பிஸ்கள் வாங்குகின்றன. வேண்டும் என்று பதிவுசெய்தவருக்குத்தான் அவை போகின்றன என்பது அவற்றின் பலம். ஆபத்து நிலையில் இருப்பவரைத் தேடிப் போகும் ஆளுக்கு அவை மாற்றாகாது.

தேர்வுக்குப் பல பக்க ஒப்பீட்டு அட்டவணை தயாரிப்பதைவிட, சிக்கலான நான்கு குடும்பங்களைக் கற்பனையாக எழுதிக் கொடுப்பது பயன்தரும். இரண்டு இழப்புகளைச் சந்தித்த பெண், பேச்சுவார்த்தை முறிந்த சகோதரர்கள், "இனி தொடர்புகொள்ள வேண்டாம்" என்ற விதவை, எட்டு வயதுப் பேரன். இவர்களை எங்கள் கண்முன்னே பதிவுசெய்து காட்டுங்கள் என்று விற்பனையாளரிடம் சொல்ல வேண்டும். தொடர்பை நிறுத்தச் சொன்னதும் வரிசையில் நின்ற கடிதங்கள் எல்லாம் ஒரே சொடுக்கில் நிற்கின்றனவா? ஒப்பந்தம் முடிந்தால் குறிப்புகள் உட்பட எல்லாத் தரவும் படிக்கத்தக்க வடிவில் திரும்பக் கிடைக்குமா? அந்தச் செயல்விளக்கத்தில் நிதி அதிகாரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, துயர் ஆற்றுப்படுத்தும் ஒருங்கிணைப்பாளர் இருந்தாக வேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்லும் மென்பொருளை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், நிர்வாகம் வாங்கக் கூடாது.