பாறையோடு அதன் மக்களையும் காட்டுங்கள்

ஸ்பெயினின் தென்கரையில் கடலுக்குள் நீண்டு நிற்கும் ஜிப்ரால்டர், ஏழு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி. அதன் நடுவே 426 மீட்டர் உயரத்துக்குச் சுண்ணாம்புப் பாறை எழுந்து நிற்கிறது. கப்பலில் வந்து சில மணி நேரத்தில் புறப்பட்டுவிடும் பயணிகளில் பலர் இந்த ஊரை ஒரு வேன் சவாரியில்தான் அறிகிறார்கள். வண்டி ஓட்டுபவரே வழிகாட்டி. செயின்ட் மைக்கேல் குகை, குரங்குகள், முற்றுகைக் காலச் சுரங்கங்கள், மூர்கள் கட்டிய கோட்டை ஆகியவை வழக்கமான நிறுத்தங்கள். இயற்கையின் விந்தையும் போரின் தடயமும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன; முன்னூறு ஆண்டுகளாக அங்கே வாழ்ந்த குடிமக்கள் இல்லை. அவர்களுடைய கதைக்கும் இந்தச் சுற்றில் இடம் வேண்டும்.

வழிகாட்டியோடு வண்டியில் சுற்றும் முறை நல்லது என்பதில் ஐயமில்லை. பாறையின் மேற்பகுதி இயற்கைக் காப்பகம். பாதைகள் குறுகலானவை, செங்குத்தானவை. ஆளுக்கொரு கார் ஏறினால் அந்த மலை தாங்காது. நடக்க முடியாத முதியவர்களும் மேலே செல்ல இதுவே வழி. ஆனால், பயணிக்கு அந்த ஊரில் கிடைக்கும் ஒரே ஆசிரியர் அந்த ஓட்டுநர்தான் என்றால், அவர் எதைச் சொல்கிறார், எதை விடுகிறார் என்பது வெறும் வியாபார விஷயமாக இருக்க முடியாது.

போர்க்கதை சொல்லத் தகுந்ததே. 1704-இல் ஆங்கிலேய, டச்சுப் படைகள் இந்தப் பாறையைப் பிடித்தன. 1713-இல் யூட்ரெக்ட் ஒப்பந்தப்படி ஸ்பெயின் அதை விட்டுக்கொடுத்தது. அதை மீட்க 1779 முதல் 1783 வரை ஸ்பெயினும் பிரான்சும் முற்றுகையிட்டபோது, பீரங்கி வைக்க இடம் தேடிய காவற்படை கைக்கருவிகளையும் வெடிமருந்தையும் கொண்டு பாறையைக் குடையத் தொடங்கியது. ஆனால், அந்தக் கதையிலேயே மக்கள் இருக்கிறார்கள். 1704-இல் வீடுகளை விட்டுப் போன ஸ்பானியக் குடும்பங்கள் அருகிலேயே சான் ரோக் என்ற ஊரை அமைத்தன. அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் ஜெனோவாவிலிருந்தும் மால்டாவிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் வந்தவர்களும், மொராக்கோ யூதர்களும் குடியேறினார்கள். சூயஸ் கால்வாய் திறந்து இந்தியாவுக்கான கடல்வழி இதையொட்டி அமைந்த பிறகு, சிந்தி வணிகர்களும் கடை போட்டார்கள். இன்றைய ஜிப்ரால்டர் மக்கள் இந்தக் கலப்பில் உருவானவர்கள்.

கோட்டைக்காக அந்த மக்கள் கொடுத்த விலையும் பெரிது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல் பாறையை முழுப் படைத்தளமாக்க, பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என 13,000-க்கும் மேற்பட்டோர் முதலில் பிரெஞ்சு மொராக்கோவுக்கு அனுப்பப்பட்டார்கள். பிரான்ஸ் வீழ்ந்ததும் அங்கிருந்து விரட்டப்பட்டு லண்டனுக்கும் மடெய்ராவுக்கும் ஜமைக்காவுக்கும் சிதறினார்கள். 1944-இல் திரும்பத் தொடங்கியபோதும் எல்லோரும் வீடு சேரப் பல ஆண்டுகள் ஆயின. அவர்கள் வெளியேற்றப்பட்டிருந்த காலத்தில்தான் சுரங்கங்கள் பெரிதாக வளர்ந்தன. தோண்டிய கல்லைக் கடலில் கொட்டி விமான ஓடுபாதையை நீட்டினார்கள். 1967-இல் பிரிட்டனோடு இருப்பதா, ஸ்பெயினோடு சேர்வதா என்ற வாக்கெடுப்பில் 12,138 பேர் பிரிட்டனைத் தேர்ந்தார்கள். ஸ்பெயினுக்குக் கிடைத்தவை 44 வாக்குகள். 1969-இல் ஸ்பெயினின் ஃபிராங்கோ அரசு எல்லையை மூடியது. உறவினர்கள் வேலியின் இருபுறமும் நின்று கத்திப் பேசிக்கொண்டார்கள். எல்லைக்கு அப்பால் உள்ள லா லீனியா ஊரின் ஆயிரக்கணக்கான ஸ்பானியத் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். 1982-இல் நடந்து செல்வோருக்கும் 1985-இல் முழுமையாகவும் எல்லை திறந்தது.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பார்கள். புதிய நிறுத்தம் எதுவும் தேவையில்லை. சுரங்க வாயிலில் நிற்கும்போதே வெளியேற்றத்தைச் சொல்லலாம். மேலிருந்து ஓடுபாதையும் எல்லையும் தெரியும் இடத்தில் மூடிய ஆண்டுகளைச் சொல்லலாம். பயணிகள் குரங்கைப் பார்க்கவே வருகிறார்கள் என்பது அடுத்த வாதம். வரட்டும். ஆனால், குகையையும் குரங்கையும் மட்டும் பார்த்தவர் ஒரு மலையைப் பார்த்துவிட்டுப் போகிறார். ஓர் ஊருக்கு வந்துபோன நினைவு அவருக்கு இருக்காது. இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு: ஸ்பெயின் இன்றும் உரிமை கோரும் மண்ணில் இதையெல்லாம் பேசினால் ஓட்டுநர் பிரசாரகர் ஆகிவிடுவாரே என்பது. அந்த ஆபத்து போர்க்கதைக்கு இன்னும் அதிகம். யார் வென்றார் என்பது மட்டுமே பேச்சானால், கேட்பவர் ஒரு கட்சியில் சேர்ந்துவிடுவார். சான் ரோக்குக்குப் போன குடும்பத்தையும், லா லீனியாவில் வேலை இழந்தவரையும், ஜமைக்கா முகாமில் காத்திருந்த தாயையும் ஒரே மூச்சில் சொன்னால், தீர்ப்பைக் கேட்பவரிடமே விட்டுவிடலாம்.

இதற்கு ஜிப்ரால்டர் அரசு செய்ய வேண்டியது அதிகமில்லை. வழிகாட்டிகளின் பயிற்சியில் 1704, 1940, 1969 ஆகிய மூன்று ஆண்டுகளின் குடிமக்கள் வரலாற்றைக் கட்டாயப் பாடமாக வைக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடவும் கூடாது. எல்லையில் மக்களைச் சோதிக்கும் நடைமுறையை நீக்க 2025 ஜூனில் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் கொள்கை அளவில் உடன்பட்டன. அது பெரும் நன்மை. ஆனால், வேலி மறைந்த பின் பிறக்கிறவர்களுக்கு, அது இருந்தபோது மனிதர்கள் எதை இழந்தார்கள் என்று இடமே காட்டிக்கொடுக்காது. சொல்ல ஆள் வேண்டும். நாள்தோறும் பயணிகளை ஏற்றிக்கொண்டு அந்த இடங்களைக் கடந்து போகிறவர்களைவிட அதற்குப் பொருத்தமானவர்கள் வேறு யாருமில்லை.