ராத்திரி இரண்டு மணிக்கு யாரை எழுப்புவது?

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. நெசவு ஊரான தேசூரில் தறிகளெல்லாம் ஓய்ந்திருந்தன. பகல் 12.18, வீட்டுக்கு வீடு கறிக்குழம்பு கொதிக்கிற நேரம். அப்போதுதான் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கும் அமேசான் கிளவுட் மையத்தில் கோளாறு தொடங்கியது. டைனமோடிபி என்கிற தரவுத்தளத்தின் முகவரிப் பதிவைப் புதுப்பிக்கும் இரண்டு தானியங்கி நிரல்கள் ஒன்றின் வேலையை ஒன்று அழித்ததில், பதிவே காலியாகிப் போனது. அதை நம்பியிருந்த சேவைகள் வரிசையாகப் படுத்தன. ஸ்நாப்சாட், சிக்னல்கூடத் தப்பவில்லை. எல்லாம் முழுதாகச் சீரடைய நம் கணக்கில் மறுநாள் விடிகாலை மூன்றரை ஆயிற்று.

அமேசான் தன் சேவை நிலவரப் பக்கத்தில் முதல் அறிவிப்பைப் போட்டது 12.41க்கு. கோளாறு தொடங்கி 23 நிமிஷம் கழித்து.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இன்ன இடத்தில் பழுது என்று உறுதி செய்யாமல் ஊருக்கு அறிவிக்க எந்த நிறுவனமும் தயங்கும். ஆனால் கிளவுட்காரர் தரும் நிலவர எச்சரிக்கைதான் முதல் அபாயச் சங்கு என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த 23 நிமிஷம் ஒரு பாடம். அதற்குள் வாடிக்கையாளர் பத்துப் பேர் போன் போட்டுத் திட்டி முடித்திருப்பார்கள். முதல் சங்கை நம்முடைய சொந்தக் கண்காணிப்பு ஊத வேண்டும். அப்படியானால் கிளவுட்காரரின் எச்சரிக்கையை, முறைக்காரரைப் போனில் எழுப்பும் ஆன்-கால் கருவியோடு எதற்காக இணைக்க வேண்டும்?

என் அண்ணன் மகன் தேசூரில் வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்கிறான். அங்கே ஆன்-கால் பொறுப்பு ஒரு வாரம் இவன் முறை, அடுத்த வாரம் இன்னொருவர் முறை. முறை வந்த வாரத்தில் எந்த நேரத்தில் சர்வர் படுத்தாலும் போன் இவனுக்குத்தான் அடிக்கும். தூக்கக் கலக்கத்தில் எழுந்து மடிக்கணினியைத் திறந்ததும் எந்த இன்ஜினீயருக்கும் வரும் முதல் சந்தேகம், நேற்று நாம் ஏற்றிய நிரலால்தான் இப்படி ஆனதோ என்பது. உடனே அதைத் திரும்பப் பெறுவார்கள், எதையாவது மறுபடி இயக்கிப் பார்ப்பார்கள், நன்றாக இருந்த ஒன்றையும் சேர்த்துக் கெடுப்பார்கள். அந்த வேளையில் ‘பழுது உங்கள் பக்கம் இல்லை, எங்கள் பக்கம்’ என்று கிளவுட்காரரிடமிருந்து ஒரு வரி அதே திரையில் வந்து விழுந்தால் போதும். தேடுவதை நிறுத்திவிட்டு, மாற்று மையத்துக்குத் திருப்பலாமா, வாடிக்கையாளருக்கு என்ன சொல்லலாம் என்று யோசிக்கலாம். நிலவர எச்சரிக்கையின் பயன் இதுதான். பழுதைக் கண்டுபிடிப்பதற்கு அல்ல, வீண் தேடலை நிறுத்துவதற்கு.

இந்த வரி மின்னஞ்சலில் வந்தால் பிரயோஜனமில்லை. பத்துப் பேருக்குப் பொதுவாகப் போகும் அஞ்சலை, மற்ற ஒன்பது பேரில் ஒருவர் பார்த்திருப்பார் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். குறிப்பிட்ட ஓர் ஆளை எழுப்பி, அவர் ‘பார்த்துவிட்டேன்’ என்று அழுத்தும் வரை விடாமல், அழுத்தாவிட்டால் அடுத்தவரை எழுப்பும் கருவிகள் இதற்காகவே இருக்கின்றன. பேஜர்டியூட்டி அவற்றில் பேர்பெற்றது. 2009ல் கனடாவின் டொரண்டோவில் அதைத் தொடங்கிய மூவரில் ஒருவர் பெயர் பாஸ்கர் புவனதாசன். (நடுராத்திரியில் உலகத்தையே எழுப்பும் வேலையில் நம் பெயர் ஒன்று இருப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.) அட்லாசியன் 2018ல் வாங்கிய ஆப்ஸ்ஜீனி இன்னொன்று. அதை 2027 ஏப்ரலில் மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். அதை நம்பியிருந்தவர்கள் இப்போது வீடு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இணைப்பது பெரிய வித்தை இல்லை. ஆன்-கால் கருவியில் ஒரு சேவையை உருவாக்கினால் ஒரு சாவியும், செய்தியை வாங்கிக்கொள்ளும் வெப்ஹூக் முகவரியும் கிடைக்கும். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அசூரில் நிலவர எச்சரிக்கை ஒன்றை அமைத்து, அதன் ‘ஆக்‌ஷன் குரூப்’பில் அந்த முகவரியைக் கொடுத்தால் வேலை முடிந்தது. அமேசானில் ஈவென்ட்பிரிட்ஜ் என்கிற சேவை வழியாக அனுப்ப வேண்டும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கோளாறு தொடங்கியது, தொடர்கிறது, தீர்ந்தது என்று ஒரே சம்பவத்துக்குப் பல செய்திகள் வரும். அவற்றையெல்லாம் சம்பவ எண்ணை வைத்து ஒன்றாகக் கோக்காவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போன் அடிக்கும். ‘சரியாகிவிட்டது, நிம்மதியாகத் தூங்குங்கள்’ என்று சொல்வதற்காக ஒருவனை எழுப்புகிற கூத்தும் நடக்கும்.

இணைத்த பிறகுதான் உண்மையான வேலை. அசூரின் அறிவிப்புகளில் சேவைக் கோளாறும் உண்டு, முன்கூட்டித் திட்டமிட்ட பராமரிப்பும் உண்டு, பொது ஆலோசனையும் உண்டு, பாதுகாப்பு ஆலோசனையும் உண்டு. அத்தனையையும் ஒரே மணியில் கட்டுவதுதான் பலரும் செய்வது. இன்ன வசதியை அடுத்த வருஷம் நிறுத்தப்போகிறோம் என்ற ஆலோசனைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து என்ன செய்வது? கோளாறுக்கு மட்டும் மணி அடிக்கட்டும். பராமரிப்பும் ஆலோசனையும் பகலில் பார்க்கும் வரிசைக்குப் போகட்டும். பாதுகாப்பு ஆலோசனையை அதற்கென்று இருப்பவர் பார்க்கட்டும். அதேபோல, நாம் பயன்படுத்தும் மையம், நாம் பயன்படுத்தும் சேவை என்று வடிகட்ட வேண்டும். அசூரின் தென்னிந்திய மையம் சென்னையில் இருக்கிறது. அதில் ஓடும் மென்பொருளுக்கு ஐரோப்பாவில் ஏதோ சேவை தடுமாறுவதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. நாலு ராத்திரி வீணாக எழுந்தவன் ஐந்தாம் ராத்திரி போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுத் தூங்குவான். அன்றைக்குத்தான் சர்வர் நிஜமாகவே படுக்கும்.

மணி எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்பகம் ஒரு தவறான கட்டளையால் முடங்கியபோது, அவர்களுடைய நிலவரப் பக்கத்தையே திருத்த முடியவில்லை. அந்தப் பக்கத்தை இயக்கும் கட்டுப்பாட்டுப் பலகையும் எஸ்3யை நம்பி இருந்தது. வேறு வழியில்லாமல் ட்விட்டரில் செய்தி சொன்னார்கள். மணி அடிக்கிற பேஜர்டியூட்டியே 2025 ஆகஸ்டில் ஒருநாள் தடுமாறியிருக்கிறது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ராத்திரியில் கரண்ட் போனால் தேசூர் வீட்டில் வைஃபை போய்விடும். செயலியின் அறிவிப்பை மட்டும் நம்பியிருந்தால் கதை முடிந்தது. அதனால் முதலில் செயலி, அடுத்த சில நிமிஷத்தில் சாதாரண போன் அழைப்பு, அதற்கும் பதில் இல்லையென்றால் சென்னையில் இருக்கும் இரண்டாவது ஆள் என்று படி கட்டியிருக்கிறான் பையன். அழைப்பு வரும் எண்ணைப் பெயர் போட்டுச் சேமித்து, ‘தொந்தரவு செய்யாதே’ நிலையிலும் அது மட்டும் அடிக்கும்படி வைத்திருக்கிறான்.

அவன் வைக்காத ஒன்று, வீட்டாருக்கு முன்னறிவிப்பு. எங்கள் பக்கம் நடுராத்திரியில் போன் வந்தால் அது சாவுச் செய்திதான். முதல் தடவை அடித்தபோது அண்ணி விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்து, “இன்னாடா, யாருக்கு இன்னா ஆச்சு?” என்று கேட்டார்.

“யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. சர்வர் படுத்துக்குச்சு.”

“அதுக்கு நீ ஏன்டா எழுந்துக்கினே?”

விளக்கிச் சொன்னான். அண்ணி தறியில் உட்காருபவர். பாவில் இழை அறுந்தால் தறிக்காரர்தான் முடிச்சுப் போட்டாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவர் அடுத்துக் கேட்டது கூலியைப் பற்றி. “ராவுல எழுந்துக்கறதுக்குத் தனியா காசு உண்டா?” இல்லை என்றான். “எங்க கதைதான் உனக்கும். புடவைக்குக் கூலி, அறுந்த இழையை முடியற நேரத்துக்கு ஒண்ணும் கெடயாது” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்தக் கேள்வி அவனைக் குடைந்திருக்க வேண்டும். சிலபல கம்பெனிகளில் ஆன்-கால் வாரத்துக்குத் தனிப்படி உண்டு. நம் ஊர்க் கம்பெனிகள் பலவற்றில் அது சம்பளத்துக்குள்ளேயே அடக்கம் என்று சொல்லிவிடுவார்கள். அவன் குழு இரண்டு கோரிக்கை வைத்தது: முறை வாரத்துக்குப் படி, ராத்திரி எழுந்தவருக்கு மறுநாள் காலைக் கூட்டத்திலிருந்து விலக்கு. இரண்டாவது உடனே கிடைத்துவிட்டது. முதலாவது, மேலிடத்தில் ஏதோ வரிசையில் இருக்கிறதாம். அந்த வரிசைக்கு மணி எதுவும் கட்டப்படவில்லை.