என்ன முறை?



போன மாதம் ஒரு திங்கட்கிழமை, எங்கள் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி கண்ணெல்லாம் சிவந்து வந்தான். "ஃபிரெண்டு ஒருத்தன் தவறிட்டான் சார், மதுரைப் பையன்" என்றான். ரெண்டு பேருமே லிவர்பூல் கால்பந்து அணியின் ரசிகர்கள். ஒன்பது வருஷமாக, ஆட்டம் நடக்கிற ராத்திரிகளில் ஃபோனில் சேர்ந்தே கத்தி, சேர்ந்தே நொந்து போன சிநேகம். ஒருதரம்கூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை. லீவு கேட்க வந்தவனிடம் எங்கள் மெய்ப்புத் திருத்தும் பெரியவர் அக்கறையாகத்தான் விசாரித்தார்: "உனக்கு என்ன முறை தம்பி?" அவனுக்குப் பதில் வரவில்லை.

நம் பக்கம் துக்க வீட்டில் யாரும் முதலில் கேட்கிற கேள்விதான் அது. முறையை வைத்துத்தான் யார் நீர்மாலை எடுப்பது, யார் கோடி போடுவது, யாருக்கு எத்தனை நாள் தீட்டு என்பதெல்லாம். ரசிகனுக்கு ரசிகன் என்ன முறை? மாமன் மச்சானா, பங்காளியா? அன்று முழுக்க அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. அவர்கள் இருவரும் உயிரையே வைத்திருந்த அந்த அணியின் கதையைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

1989 ஏப்ரல் 15. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கியிருந்த பக்கத்தில் வாசலில் நெரிசல் முற்றியதும் போலீஸ் ஒரு பெரிய கேட்டைத் திறந்துவிட்டது. உள்ளே போன கூட்டம் நேரே எதிரில் தெரிந்த சுரங்கவழியில் இறங்கி, ஏற்கெனவே நிரம்பியிருந்த, ரசிகர்கள் நின்று பார்க்கும் நடுக் கம்பிக் கூண்டுகளுக்குள் போய் அடைபட்டது. முன்னால் கம்பி வேலி, பின்னால் வந்துகொண்டே இருக்கும் ஜனம். மூன்று மணிக்குத் தொடங்கிய ஆட்டம் ஆறே நிமிஷத்தில் நின்றது. அன்றைக்கே 94 பேர் போனார்கள். நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் 14 வயதுப் பையன் ஒருவன். 1993-ல் இன்னொருவர். ஆக 96.

அடுத்த சனிக்கிழமை லிவர்பூல் ஊர்க்காரர்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்துக்கும், அதே ஊரின் ஜென்மப் பகையாளி அணியான எவர்ட்டனின் அன்றைய மைதானம் குடிசன் பார்க்குக்கும் நடுவே இருப்பது ஒரு பூங்காதான். இரு அணிகளின் நிறமான சிவப்பும் நீலமுமாகக் கழுத்துத் துண்டுகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, அந்த மைதானத்திலிருந்து இந்த மைதானம் வரைக்கும் ஒரு மைல் நீளத்துக்குக் கட்டினார்கள். மிலானிலும் அந்த வாரமே ஒரு ஆட்டம் அஞ்சலிக்காக நடுவில் நிறுத்தப்பட்டது. ஏ.சி. மிலான் ரசிகர்கள் லிவர்பூலின் பாட்டைப் பாடினார்கள். அவர்களுக்கு மட்டும் என்ன முறை?

பத்திரிகை நடத்துகிறவன் என்பதால் அடுத்ததை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. விபத்து நடந்த நாலாம் நாள், 'தி சன்' நாளிதழ் முதல் பக்கத்தில் 'உண்மை' என்று கொட்டை எழுத்தில் போட்டு, செத்தவர்களின் பையிலிருந்தே ரசிகர்கள் திருடினார்கள் என்று அபாண்டம் எழுதியது. லிவர்பூல் வட்டாரத்தில் இன்றுவரை எத்தனையோ பேர் அந்தப் பேப்பரைக் கையால் தொடுவதில்லை, பல கடைகளில் விற்பதும் இல்லை. 23 வருஷம் கழித்து, 2012-ல் ஆவணங்கள் வெளியே வந்தபோது, போலீஸ்காரர்களின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தது தெரிந்தது. 2016-ல்தான் ஜூரிகள் சொன்னார்கள்: சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்து, அந்தத் தீர்ப்பைக் கேட்காமலே கண்மூடிய தாய் தகப்பன்மார் உண்டு.

நான் சொல்ல வந்தது 97-ஆவது ஆளைப் பற்றி. ஆண்ட்ரூ டிவைன். அந்தக் கூட்டத்தில் நசுங்கி, மூச்சுத் திணறி, மூளை பாதிக்கப்பட்டபோது வயது 22. ஆறு மாசம் தாண்டமாட்டார் என்று வீட்டாரிடம் சொன்னார்கள். 32 வருஷம் இருந்தார். பெற்றவர்களும் மற்றவர்களும் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார்கள். முடிந்தபோதெல்லாம் ஆன்ஃபீல்டுக்கு ஆட்டம் பார்க்க அழைத்துப் போனார்கள். 2019 ஜூனில் லிவர்பூல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்று, திறந்த பஸ்ஸில் ஊர்வலம் வந்தது. தெருக்கொள்ளாத கூட்டம். அந்த பஸ் அவர் வீட்டு வாசலில் நின்றது. கோப்பையோடு வந்த ஆட்டக்காரர்கள் அவருக்கு மரியாதை செய்துவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்பினார்கள். சாமி புறப்பாட்டில் தேர் ஒரு வீட்டு முன்னால் நிற்கும் காட்சிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

2021 ஜூலையில் அவர் காலமானார். ஹில்ஸ்பரோவில் பட்ட காயமே காரணம், அவரும் கொல்லப்பட்டவரே என்று மரண விசாரணை அதிகாரி பதிந்தார். கொரோனாவுக்குப் பிறகு முதல்முறையாக ஆன்ஃபீல்டு நிரம்பிய ஆகஸ்ட் ஆட்டத்தில், கேலரியில் ஆளுக்கொரு வண்ண அட்டையைத் தூக்கிப் பிடிக்க, 97 என்ற எண் எழுந்து நின்றது. அணியின் சட்டையில் பின்கழுத்துக்குக் கீழே இரண்டு சுடர்கள் உண்டு, நடுவே 96 என்று இருந்தது. அதையும் பிறகு 97 ஆக்கிவிட்டார்கள். எங்கள் தம்பி சட்டைக் காலரை மடக்கி அதை எனக்குக் காட்டினான். கட்டைவிரல் நகத்தளவுதான் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

மதுரைப் பையனின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போகலாமா கூடாதா என்று அவனுக்கு ஒரே குழப்பம். போய்த்தான் ஆகணும் என்றேன். அவர்களுடைய ஃபோன் ரசிகர் குழுவில் இருந்த இன்னும் நாலு பேர் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்திருக்கிறார்கள். சட்டையை வைத்தே பஸ் ஸ்டாண்டில் ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் கண்டுகொண்டார்களாம். படத்துக்கு மாலை போட்டுவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் வாசற்படியோரம் நின்றிருக்கிறார்கள். பையனின் அப்பா வந்து ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார்.

"நடுச்சாமத்துல ஃபோனைப் பிடிச்சுக்கிட்டு சிரியா சிரிப்பானே, அது உங்ககூடத்தானாப்பா?" என்று கேட்டாராம். "ஆமாங்கய்யா" என்றதும் ஐந்து பேரையும் உள்ளே கூட்டிப்போய் அங்காளி பங்காளிகளோடு பந்தியில் உட்கார வைத்து, அவரே நின்று இலை போட்டாராம்.

அன்புடன்,
ஆசிரியர்